பூஜ்யத்துக்கும் ஆறுக்கும் நடுவே: சென்னையில் கியர் வண்டி பழகுவது ஏன் கடினமாக இருக்கிறது?

சென்னையில் கார் ஓட்டப் பழகச் சேருகிறவர்களில் பெரும்பாலோர், கியர் மாற்றுவதுதான் இதில் கடினமான பகுதி என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். முதல் கியர் எங்கே, மூன்றாவது எங்கே, எந்த வேகத்தில் எதைப் போடுவது என்று பயிற்சி தொடங்குவதற்கு முன்பே மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்களும் உண்டு. ஆனால் கியர் ராடு சில நாட்களில் கைக்குப் பழகிவிடுகிறது. வாரங்கள் போனாலும் பிடிபடாமல் நிற்பது, நின்றிருக்கும் வண்டி நகரத் தொடங்கும் முதல் சில அடிகள்தான். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி குலுங்கி ஆஃப் ஆவதும், மேம்பாலத்து ஏற்றத்தில் பின்னால் உருள்வதும், வாகன நிறுத்தத்தில் ரிவர்ஸ் எடுக்கையில் திடீரென்று பாய்வதும் இந்த ஒரே இடத்தில் ஏற்படும் கோளாறுகள். இந்த நகரத்தின் போக்குவரத்தோ அந்த முதல் சில அடிகளைத்தான் ஓட்டுநரிடம் நாள் முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

காரணத்தை இன்ஜினிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் அல்லது டீசல் இன்ஜினால் மின்மோட்டாரைப் போல நின்ற நிலையிலிருந்து விசை தர முடியாது. ஒரு குறைந்தபட்ச வேகத்தில் அது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விட்டால் சிறிய பெட்ரோல் கார் ஒன்றின் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 முறை சுற்றும். அதற்கு மிகவும் கீழே இழுத்தால் நின்றுபோகும். முதல் கியரில் கியர்பாக்ஸும் அதற்கு அடுத்துள்ள இறுதிப் பற்சக்கரமும் சேர்ந்து இன்ஜினின் சுமார் 14 சுற்றுகளைச் சக்கரத்தின் ஒரு சுற்றாகக் குறைக்கின்றன. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீட்டர் என்று கொண்டு கணக்கிட்டால், ஆக்ஸிலரேட்டர் கொடுக்காத நிலையில் முதல் கியரில் வண்டி போகும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் என்று வருகிறது. அதாவது இன்ஜினும் சக்கரமும் முழுமையாக இணைந்திருக்கும்போது, 6 கிலோமீட்டருக்குக் கீழே எந்த வேகமும் அந்த இன்ஜினுக்கு இயல்பானதல்ல. பூஜ்யத்திலிருந்து ஆறு வரை உள்ள இடைவெளியில் வண்டியை நடத்திச் செல்லும் வேலை முழுவதும் கிளட்சின் மேல் விழுகிறது.

கிளட்ச் என்பது உராய்வால் இயங்கும் இணைப்பு. இன்ஜினோடு சுற்றும் கனமான ஃப்ளைவீலுக்கும், வலுவான ஸ்பிரிங்கால் அழுத்தப்படும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே, கியர்பாக்ஸோடு இணைந்த கிளட்ச் பிளேட் இருக்கிறது. பெடலை முழுவதும் அழுத்தினால் பிடி விலகி, இன்ஜின் தன்பாட்டில் சுற்றும். முழுவதும் விட்டால் மூன்றும் ஒன்றாக இறுகிச் சுற்றும். இந்த இரண்டுக்கும் நடுவே, பெடலின் மொத்தப் பயணத்தில் ஒரு சிறிய பகுதியில் மட்டும், கிளட்ச் பிளேட் வழுக்கிக்கொண்டே விசையைக் கடத்துகிறது. ஓட்டப் பழக்குபவர்கள் ‘ஹாஃப் கிளட்ச்’ என்று சொல்வது இந்தப் பகுதியைத்தான். ஒரு பக்கம் 800 சுற்றிலும் மறுபக்கம் பூஜ்யத்திலும் இருக்கும் இரண்டு தண்டுகள், ஒன்றின் வேகத்துக்கு மற்றது வந்து சேரும் வரை அந்த வழுக்கல் நீடிக்க வேண்டும். அதற்கு முன்பே காலை எடுத்துவிட்டால், சக்கரம் மேலே வருவதற்குப் பதில் இன்ஜின் கீழே இழுக்கப்பட்டு நின்றுவிடுகிறது. வண்டி ஆஃப் ஆவதற்கு இதைத் தவிர மர்மமான காரணம் எதுவும் இல்லை.

பழைய தலைமுறை ஓட்டுநர்கள் தரும் அறிவுரைக்கும் இன்றைய வண்டியின் இயல்புக்கும் இடையே இங்கே ஒரு முரண்பாடு உண்டு. அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் 1983-இல் வந்த மாருதி 800-இன் தொடக்கக் கால வண்டிகளிலும் இருந்தது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர். இன்ஜின் திணறுகிறது என்பதை அது உணர்ந்து தானாகக் கூடுதல் எரிபொருள் தராது. எனவே முதலில் ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து இன்ஜினை இரையவிட்ட பிறகே கிளட்சை விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எரிபொருளைத் தெளிக்கும் முறைக்கு மாறிய இன்றைய கார்களில், இன்ஜின் வேகம் தாழத் தொடங்கினால் கட்டுப்பாட்டுக் கணினி தானாகவே காற்றையும் எரிபொருளையும் கூட்டி அதைத் தாங்கிப் பிடிக்க முயல்கிறது. அதனால் சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் நிதானமாக விட்டே பெரும்பாலான வண்டிகளை நகர்த்த முடியும். டீசல் வண்டிகளில் இது இன்னும் எளிது. வெயிலுக்குப் பயந்து ஏ.சி. இல்லாமல் ஓட்டவே முடியாத இந்த ஊரில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சிறிய இன்ஜினில் ஏ.சி. கம்ப்ரெஸர் எடுத்துக்கொள்ளும் விசை கணிசமானது. ஏ.சி. இல்லாமல் காலையில் பழகியவர் மதியம் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டும்போது வண்டி வேறு மாதிரி நடந்துகொள்வதாக உணர்வது கற்பனை அல்ல.

எனவே முதல் பயிற்சி சாலையில் ஓட்டுவதாக இருக்க வேண்டியதில்லை. ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில், வலது காலைப் பிரேக்குக்கு மேலே அழுத்தாமல் வைத்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே, கிளட்சை மட்டும் விட்டு வண்டியை நகர்த்துவதும் மீண்டும் அழுத்தி நிறுத்துவதுமாக ஒரு மணி நேரம் செலவிட்டால், பிடி எந்த இடத்தில் விழுகிறது என்பதை இடது பாதம் தானாகக் கற்றுக்கொள்கிறது. பெடல் மேலே வருகையில் இன்ஜினின் ஒலி சற்றுத் தாழ்ந்து, ஸ்டியரிங்கில் ஒரு மெல்லிய அதிர்வு தெரியும். அந்த இடத்தில் காலை நிறுத்தி, வண்டி உருளத் தொடங்கிய பிறகு மீதியை விட வேண்டும். குதிகால் தரையில் ஊன்றியிருந்தால் இந்த நுணுக்கம் கைகூடும். முழுக் காலும் அந்தரத்தில் இருந்தால் தொடை களைத்துப்போய்ப் பெடல் சட்டென்று நழுவும். கிளட்சை முழுவதும் அழுத்திய நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி இருக்கையை முன்னே இழுத்துக்கொள்வதை உயரம் குறைந்தவர்கள் பலர் கூச்சத்தால் செய்வதில்லை. பாதத்தில் தளர்வாக ஆடும் ரப்பர் செருப்போடு பழக வருவதும் இங்கே சாதாரணமாகக் காணக்கூடிய வழக்கம். வெறுங்கால் அதைவிட மேல். பட்டை வைத்த செருப்போ ஷூவோ இன்னும் நல்லது.

டிரைவிங் ஸ்கூல்களின் அமைப்பு இந்த ஒரு திறனை மறைத்துவிடுகிறது என்பது என் கணிப்பு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி பயிற்சிப் பள்ளியின் காரில் பயிற்றுநரும் வண்டியைக் கட்டுப்படுத்தவும் நிறுத்தவும் வசதியாக இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். பாதுகாப்புக்கு இது இன்றியமையாதது. இதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை. ஆனால் காலை ஆறரை மணிக்கு கே.கே. நகர் உட்சாலையில் அரை மணி நேர வகுப்பு நடக்கும்போது, மாணவர் கிளட்சைப் பட்டென்று விடப்போகிறார் என்று தெரிந்ததும் பயிற்றுநரின் கால் தன் பக்கப் பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. வண்டி ஆஃப் ஆகவில்லை. பின்னால் வருபவர் திட்டவில்லை. அடுத்த மாணவருக்கும் நேரம் கிடைக்கிறது. மாணவருக்கோ தானே சரியாக எடுத்துவிட்டதாகத் தோன்றுகிறது. அந்தப் பெடலில் இரண்டு கால்கள் வேலை செய்தன என்பது, சொந்த வண்டியில் தனியாக உட்காரும் நாளில்தான் தெரியவருகிறது. உரிமம் வாங்கியும் காரை எடுக்கத் துணியாமல் அதை உறை போட்டு மூடி வைத்திருப்பவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். அவர்களில் பலருக்கு இல்லாமல்போனது துணிச்சல் அல்ல, இந்த ஒரு பயிற்சிதான். வகுப்பின் கடைசி நாட்களிலாவது, “மாஸ்டர், இன்னைக்கு உங்க பக்கத்துக் கிளட்சைத் தொடாதீங்க, ஆஃப் ஆனா ஆகட்டும்” என்று கேட்டுப் பெற வேண்டும். பெரும்பாலான பயிற்றுநர்கள் கேட்டால் மறுப்பதில்லை.

விதிகள் எதிர்பார்ப்பது ஒன்றும் குறைவல்ல. பதினெட்டு வயது நிறைந்தவர், பேச்சுவழக்கில் எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமத்தைப் பெறலாம். அது ஆறு மாதங்களுக்குச் செல்லும். பெற்று முப்பது நாட்கள் ஆன பிறகே நிரந்தர உரிமத்துக்கான தேர்வுக்குப் போக முடியும். அதுவரை முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். உரிமம் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். குடும்பத்துக் காரில் அப்பாவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்து பழக்கும்போது அவர்களுக்கு எட்டுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே என்பதை இருவரும் நினைவில் கொள்வது நல்லது. தேர்வில் சோதிக்க வேண்டியவை என்று விதிகள் பட்டியலிடுபவற்றில், செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மீண்டும் எடுப்பதும் ஒன்று. பெரும்பாலும் தட்டையான சென்னையில் அதற்கு ஏற்ற சாலை தேடித்தான் போக வேண்டும்.

தட்டையான நகரம் என்பதால் ஏற்றமே இல்லை என்று பொருளல்ல. அண்ணா சாலையில் 1973-இல் திறக்கப்பட்ட ஜெமினி மேம்பாலம், கோடம்பாக்கம் பாலம், கத்திப்பாராவின் வளைவுகள், தியாகராய நகருக்கும் மேற்கு மாம்பலத்துக்கும் நடுவே உள்ள துரைசாமி சுரங்கப்பாதை, பெரிய கடைகளின் அடித்தள வாகன நிறுத்தங்களிலிருந்து மேலேறும் சரிவுகள் என எல்லாம் மனிதர் கட்டிய ஏற்றங்கள். நெரிசல் நேரத்தில் இவற்றின் நடுவில்தான் வாகன வரிசை நின்றுவிடுகிறது. அப்போது பிரேக்கிலிருந்து வலது கால் ஆக்ஸிலரேட்டருக்கு மாறும் ஒரு கணத்தில் வண்டி பின்னால் நழுவும். பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும் இருசக்கர வாகனக்காரருக்கு அந்த ஒரு கணமே அதிகம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவைத்து, முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்றுக் கொடுத்து, கிளட்ச் பிடித்து வண்டியின் முகப்பு லேசாக எழும்புவதை உணர்ந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுவதுதான் உறுதியான வழி. பழகியவர்கள் ஹேண்ட் பிரேக் இல்லாமலே எடுப்பதைப் பார்த்துப் புதியவர்கள் ஹேண்ட் பிரேக் போடுவதைக் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் ஓரிரு வினாடிகள் வண்டியைத் தானே பிடித்து நிறுத்தும் வசதி இப்போது பல கார்களில் வருகிறது. அந்த வசதி இல்லாத வண்டியை ஒருநாள் ஓட்ட நேரும் என்ற எண்ணத்தோடு பழகுவது நல்லது.

பலர் செய்யும் மாற்று வேலை, ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல், ஹாஃப் கிளட்சிலும் ஆக்ஸிலரேட்டரிலும் வண்டியை அந்தரத்தில் பிடித்து நிறுத்துவது. பார்ப்பதற்குத் திறமைபோலத் தெரியும் இந்தப் பழக்கத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து ஆயிரம் கிலோ எடையுள்ள கார், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில், இன்ஜின் 1,500 சுற்றில் இருக்க, கிளட்சை வழுக்கவிட்டு நிற்கிறது என்றால், அந்தக் கிளட்ச் பிளேட்டில் ஏறத்தாழ மூன்று கிலோவாட் வெப்பம் பிறந்துகொண்டிருக்கிறது. மூன்று இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் சூடேற்றுவதற்குச் சமம் அது. சில வினாடிகளுக்கு இதைத் தாங்கும், நிமிடக்கணக்கில் தாங்காது. கருகிய வாடை காருக்குள் வந்த பிறகு வண்டியைக் குறை சொல்வதில் பயனில்லை. இடது பாதத்தை எப்போதும் கிளட்ச் பெடலின் மேல் ஓய்வாக வைத்திருப்பதும் இதே ரகம்; காலின் எடையே பிடியைச் சற்றுத் தளர்த்தி, தெரியாமலே தேய்மானத்தைக் கூட்டுகிறது. சிக்னலில் எண்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது நியூட்ரலில் காலை எடுத்து வைத்துவிட்டு, ஐந்தாறு வினாடிகள் மீதமிருக்கையில் முதல் கியரைப் போட்டால் போதும்.

பூஜ்யத்துக்கும் ஆறுக்கும் நடுவிலான வேகத்தில் மாலை நேர அண்ணா சாலையோ வேளச்சேரி பிரதான சாலையோ நகர்கிறது என்றால், கிளட்சைக் காப்பாற்றும் வழி என்ன? முன்னே உள்ள வண்டி ஓர் அடி நகரும்போதெல்லாம் நாமும் ஓர் அடி நகர்வதை நிறுத்துவதுதான். ஒரு கார் நீளத்துக்கு இடைவெளி விழும் வரை காத்திருந்து, பிறகு கிளட்சை முழுவதும் விட்டு முதல் கியரின் இயல்பான வேகத்தில் அந்த இடைவெளியைக் கடந்தால், ஐந்து தடவை ஹாஃப் கிளட்ச் செய்ய வேண்டிய இடத்தில் ஒரு தடவை போதும். அந்த இடைவெளியில் ஓர் ஆட்டோவும் இரண்டு ஸ்கூட்டர்களும் நுழையும் என்பது உறுதி, நுழையட்டும். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள் என்பதும் உறுதி. புதியவர் கிளட்சைப் பட்டென்று விடுவதற்கு இயந்திர அறியாமையைவிட ஹாரன் ஒலியே பெரிய காரணம் என்பதைப் பயிற்றுநர் எவரும் ஒப்புக்கொள்வார். ஹாரனுக்குப் பதறி ஆஃப் செய்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வதற்கு ஆகும் நேரத்தைவிட, இரண்டு வினாடி அதிகம் எடுத்துக்கொண்டு நிதானமாக நகர்வது பின்னால் இருப்பவருக்கும் லாபம்.

கியர் மாற்றுவதைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்பு சொன்ன கணக்கையே மற்ற கியர்களுக்கும் நீட்டினால், இரண்டாவது கியரின் இயல்பான குறைந்தபட்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர் என்று வரும். தெருவுக்கு நான்கு வேகத்தடைகள் உள்ள நகரில், முழுவதும் நிற்காமல் தடையைத் தாண்டுவதற்கு இரண்டாவது கியரே பெரும்பாலும் போதும் என்பதும், அதற்கும் கீழே வேகம் போனால் முதலுக்கு இறங்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. ஐந்தாவது கியரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இன்ஜின் தன் குறைந்தபட்சச் சுற்றுக்கும் கீழே இழுபடும். வண்டி நடுங்குவது அதனால்தான். எண்களை மனப்பாடம் செய்வதைவிட இன்ஜினின் ஒலியைக் கேட்டு மாற்றுவது எளிது. ராடை நியூட்ரலில் விட்டால், உள்ளே உள்ள ஸ்பிரிங் அதை மூன்று, நான்குக்கு நேரான நடுப்பாதையில் கொண்டுவந்து நிறுத்தும். ஆகவே இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கையால் வலப்புறம் தள்ளாமல், நியூட்ரலுக்கு இழுத்து, பிடியைத் தளர்த்தி, நேராக மேலே தள்ளினாலே போதும். வலிந்து தள்ளுகிறவர்கள்தான் ஐந்தாவதில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். லாரி ஓட்டிய பெரியவர்கள் சொல்லும் ‘டபுள் கிளட்ச்’, அதாவது ஒரு கியர் மாற்றத்துக்குக் கிளட்சை இரண்டு முறை அழுத்துவது, இன்றைய கார்களுக்குத் தேவையில்லை. பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்திசைக்கும் அமைப்பு 1928-இலேயே காடிலாக் கார்களில் வந்துவிட்டது. ரிவர்ஸ் கியருக்கு மட்டும் பல வண்டிகளில் இன்றும் அந்த அமைப்பு இருப்பதில்லை. வண்டி முழுவதும் நின்ற பிறகு, கிளட்சை அழுத்தி ஓரிரு வினாடிகள் பொறுத்துப் போட்டால் கரகரவென்ற சத்தம் வராது.

நிறுத்துவதில் ஒரு தவறான பழக்கத்தைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜினில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால், சக்கரங்களே இன்ஜினைச் சுற்றிவிடுவதால் எரிபொருள் தெளிப்பு முழுவதும் நின்றுவிடுகிறது. நியூட்ரலில் வந்தால் இன்ஜின் அணையாமல் இருக்கவே எரிபொருள் செலவாகும். கூடவே இன்ஜின் தரும் தடுப்புவிசையும் போய், சுமை முழுவதும் பிரேக்கின் மேல் ஏறும். பயந்தவுடன் பிரேக்குக்கு முன்பாகக் கிளட்சை அழுத்துகிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். பிரேக் முதலில், வண்டி நின்றுபோகும் தறுவாயில் கிளட்ச் என்பதே வரிசை. அவசரத்தில் வண்டி ஆஃப் ஆனால் ஆகட்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பழகுகிறவர்களுக்கு இன்னொரு சூழ்நிலை வாய்க்கிறது. ஆழம் தெரியாத தண்ணீரில், குறிப்பாகச் சுரங்கப்பாதைகளில், வண்டியை இறக்கக் கூடாது. ஆழம் குறைவு என்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் முதல் கியரில், சீரான ஆக்ஸிலரேட்டரில், நடுவில் கியர் மாற்றாமல் மெல்லக் கடக்க வேண்டும். தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. காற்று போகும் வழியில் தண்ணீர் ஏறியிருந்தால், அதை அழுத்த முயன்று பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துபோகும். தள்ளிக்கொண்டு வருவதே மலிவு.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஆட்டோமேட்டிக் வாங்கிவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. 2014-இல் மாருதி செலெரியோ மூலம் ஏ.எம்.டி. என்ற ஒரு வகை ஆட்டோமேட்டிக் கியர் மலிவு விலைக் கார்களுக்கு வந்த பிறகு, இந்த நகரின் நெரிசலுக்கு அதுவே பொருத்தம் என்று சொல்வதில் தவறில்லை. அதன் உள்ளே இருப்பதும் வழக்கமான கிளட்சும் கியர்பாக்ஸும்தான். காலும் கையும் செய்யும் வேலையை ஓர் இயக்கி செய்கிறது. அதனால்தான் ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்ஸிலரேட்டரில் பிடித்து நிறுத்தினால் அதிலும் கிளட்ச் கருகும். இந்தியாவில் இலகுரக வாகன உரிமம் இரண்டு வகைக் கார்களுக்கும் செல்லும். எதில் தேர்வு கொடுத்தோம் என்பது உரிமத்தில் வேறுபாடாக வராது. பிரிட்டனிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் நிலைமை வேறு: ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்தவர் அதை மட்டுமே ஓட்டலாம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போக நினைப்பவருக்கும், இங்கேயே ஆக்டிங் டிரைவராகப் போகிறவருக்கும் கியர் வண்டி தெரியாமல் தீராது. வீட்டுக்கு ஒரு கார், அதை ஓட்ட மூன்று பேர் என்ற நிலையில் உள்ளவர்களுக்கும் அப்படித்தான்.

கியர் வண்டியே என்று முடிவெடுத்தவர்கள், டிரைவிங் ஸ்கூல் கார் பயிற்சி முடிந்ததும் இடைவெளி விடாமல் சொந்த வண்டியில் ஏற வேண்டும். கிளட்ச் பிடிக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். ஆயிரம் பேர் மிதித்துத் தேய்ந்த பயிற்சிக் காரில் பெடல் மிகவும் மேலே வந்த பிறகே பிடி விழும், புதிய வண்டியில் அதற்கு முன்பே விழலாம். ஆகவே முதல் நாள் மறுபடியும் சமதளத்தில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் நகர்த்தும் அதே பயிற்சி. பிறகு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பெசன்ட் நகர் உட்சாலைகள், அதற்கு அடுத்து பரங்கிமலை தேவாலயத்துக்கு ஏறும் சாலை. அங்கே நடுவழியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கில் எடுத்துப் பழகிய பிறகு, மாலை நேரத்துக் கோடம்பாக்கம் பாலத்துக்குப் போகலாம்.